கிருமியின் கணக்கும் உடலின் கணக்கும்

காசநோயையும் இரத்தத் தொற்றையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. முன்னது மாதக்கணக்கில் உருக்கும் நோய். பின்னது மணிக்கணக்கில் சாய்க்கும் நோய். முன்னதற்கு மருந்து அரசுத் திட்டத்தின் வழியே வீட்டுக்கு மாத்திரையாக வந்து சேர்கிறது. பின்னதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்தக்குழாய் வழியே ஏறுகிறது. சிகிச்சை தருபவர்கள் வேறு, அவர்கள் படிக்கும் ஆய்விதழ்கள் வேறு, கூடும் மாநாடுகளும் வேறு. ஆனால் மருந்தெதிர்ப்பு பெருகிவரும் இந்நாளில் இரு தரப்பாரும் ஒரே கேள்வியின் முன் நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே காலம் என்ற ஏற்பாடு போதவில்லை என்றால், இந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள்?

இரு துறைகளும் பிறந்த கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு ராட்கிளிஃப் மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு பெனிசிலின் செலுத்தினார்கள். முகத்தில் தொடங்கி உடலுக்குள் பரவியிருந்த தொற்று சில நாட்களிலேயே பின்வாங்கத் தொடங்கியது. ஆனால் மருந்து உடலில் தங்கவில்லை. சிறுநீரகங்கள் அதை வந்த வேகத்திலேயே வெளியேற்றின. ஹோவர்ட் ஃப்ளோரியின் குழுவினர் அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து, மீண்டும் அவருக்கே செலுத்தினார்கள். ஐந்து நாளில் கையிருப்பு தீர்ந்தது. மார்ச் 15 அன்று அவர் இறந்தார். கிருமி மருந்துக்குப் பணிந்துதான் இருந்தது. உடலில் நிற்கும் அளவுக்கு மருந்துதான் இல்லை.

1948இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழு வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்கு நேர் எதிரான பாடத்தைத் தந்தது. நுரையீரல் காசநோயாளிகள் 107 பேரில் 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் தரப்பட்டது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். ஐயத்துக்கு இடமில்லாத வெற்றி என்றே தோன்றியது. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது இறந்தவர்கள் முதல் குழுவில் 32, இரண்டாம் குழுவில் 35. மருந்து தீர்ந்துபோகவில்லை, உடல் அதை வெளியே தள்ளவும் இல்லை. பெரும்பாலானவர்களிடம் கிருமியே மாறிவிட்டிருந்தது.

ஒரு துறை தன் முதல் மருந்திலேயே உடலைப் பற்றிக் கற்றது. மற்றது தன் முதல் மருந்திலேயே கிருமியைப் பற்றிக் கற்றது. அந்த முதல் பாடங்களின் பிடி எண்பது ஆண்டுகளாகியும் தளரவில்லை. இரத்தத் தொற்றுக்குச் சிகிச்சை செய்பவர் நோயாளியின் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் அளவு, கல்லீரலின் நிலை ஆகியவற்றை நாள்தோறும் பார்க்கிறார்; கிருமியின் பெயரையோ இரண்டு மூன்று நாள் அறியாமல் இருக்கிறார். காசநோய்க்குச் சிகிச்சை செய்பவர் கிருமியின் மரபணுவை முதல் நாளிலேயே கேட்டறிகிறார். மருந்து நோயாளியின் இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதை ஆறு மாதத்தில் ஒருமுறைகூட அளப்பதில்லை. ஒருவர் தெளிவாகக் காணும் இடத்தில் மற்றவருக்கு இருட்டு.

முதலில் கிருமியின் கணக்கு. காசநோயால் குழிவிழுந்த நுரையீரலில் கிருமிகள் பத்துக் கோடிக்கும் மேல் இருக்கக்கூடும். ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியசிட்டுக்கும், பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் அடங்காததாக, மருந்தைக் காணும் முன்பே பிறந்திருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் அந்தச் சிலவே தப்பிப் பெருகும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் அடங்காத ஒரு கிருமி அவ்வளவு பெரிய கூட்டத்திலும் இருக்க வாய்ப்பு மிக அரிது. இன்றைய நான்கு மருந்துக் கூட்டு இந்த எண்கணிதத்தின் மேல்தான் நிற்கிறது.

இரத்தத் தொற்றில் எண்ணிக்கை தலைகீழ். ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் பெரும்பாலும் பத்துக்கும் குறைவான கிருமிகளே இருக்கும். சோதனைக்குக் குப்பி குப்பியாக இரத்தம் எடுப்பது அதனால்தான். எதிர்ப்பும் பெரும்பாலும் சிகிச்சையின் நடுவில் பிறப்பதில்லை, ஆயத்தமாகவே வந்து சேர்கிறது. க்ளெப்சியெல்லா, ஈ. கோலை போன்றவை பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையங்களைத் தமக்குள் கைமாற்றிக்கொள்கின்றன. காசநோய்க் கிருமியிடம் இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதன் எதிர்ப்பு முழுவதும் அதன் சொந்த மரபணுவில் நேர்ந்த மாற்றங்கள். ஆகவே காசநோயை வென்ற கூட்டு மருந்து என்ற உத்தி இங்கே அப்படியே செல்லுபடியாகவில்லை. இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி நாடுகளில் 406 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கொலிஸ்டின் என்ற மருந்தோடு மெரோபெனெம் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தும், கொலிஸ்டினைத் தனியாகக் கொடுத்ததைவிடக் கூடுதல் பலன் கிட்டவில்லை.

இனி வருவது இந்த ஒப்பீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த முரண். ஈ. கோலை சாதகமான சூழலில் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் இரண்டாகும்; காசநோய்க் கிருமி இரண்டாக ஏறத்தாழ இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். விரைவாக வளர்வதை விரைவாகக் கண்டறியலாம், மெல்ல வளர்வதற்கு மெல்லத்தான் விடை வரும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். நடைமுறை அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட எக்ஸ்பெர்ட் சோதனை, சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்ற இரண்டையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. இருபது நிமிடத்தில் பெருகும் கிருமிக்கோ, அதை வளர்த்துச் சோதிக்கும் கல்ச்சர் ரிப்போர்ட் முழுதாகக் கைக்கு வர இன்றும் பல மருத்துவமனைகளில் 48 முதல் 72 மணி நேரம் ஆகிறது.

இதற்குக் காரணம் இரண்டு. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததால், வளர்க்காமலே அறியும் வழியைத் தேடியாக வேண்டிய கட்டாயம் அத்துறைக்கு வந்தது. மற்றத் துறைக்கு இரண்டு நாள் என்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய தாமதமாகத் தெரிந்தது. அந்த இரண்டு நாளுக்குள் இறந்தவர்கள் அதைப் பற்றி முறையிட வரப்போவதில்லை. இரண்டாவது காரணம் உயிரியல் சார்ந்தது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு ஏறக்குறைய முழுவதும் ஒரே மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஒரு துண்டைப் படித்தால் போதும். க்ளெப்சியெல்லாவுக்கு அப்படி ஒற்றை முகவரி இல்லை. மருந்தைச் சிதைக்கும் நொதிகள் பல, மருந்து நுழையும் துளைகளை அடைப்பதும் உண்டு, புகுந்த மருந்தை வெளியே இறைப்பதும் உண்டு.

அந்த நொதிகளுள் ஒன்றின் கதை சென்னையோடு பிணைந்தது. என்.டி.எம்.-1 நொதி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010இல் உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் கிடைத்த கிருமி மாதிரிகள் மட்டும் 44. மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் வகை மருந்துகள் பலிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுவது இன்று போதாது; எந்த நொதியால் பலிக்கவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆக்ஸா-48 நொதி மட்டும் இருந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் உதவும். என்.டி.எம். இருந்தால் அது தனியாக உதவாது. 1980களிலேயே சந்தைக்கு வந்த அஸ்ட்ரியோனாம் என்ற மருந்தை என்.டி.எம். சிதைப்பதில்லை, ஆனால் உடன் இருக்கும் வேறு நொதிகள் சிதைத்துவிடுகின்றன. அவிபாக்டம் அந்த மற்ற நொதிகளைக் கட்டிப்போட, அஸ்ட்ரியோனாம் தன் வேலையைச் செய்கிறது. ஆக, நோயாளியிடம் இருக்கும் கிருமியின் நொதிக்கேற்ப மருந்தைப் பொருத்துவது இங்கே ஏட்டுச் சுரைக்காய் அல்ல, உயிர் காக்கும் தேர்வு.

கிருமிக்கேற்ற மருந்து என்ற இதே தேர்வைக் காசநோய்த் துறை ஒரு வறிய குடியிருப்பில் கற்றுக்கொண்டது. பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் ஓரத்தில் இருக்கும் கரபாயோவில் பணியாற்றிய ஜாக் ரூசின் என்ற பாதிரியார், பல மருந்துகளுக்கு அடங்காத காசநோயால் 1995இல் இறந்தார். அவருடைய நண்பர்களான பால் ஃபார்மர், ஜிம் யாங் கிம் ஆகியோரும், பெருவின் ஹைமே பயோனாவும் 1996இல் அங்கே சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நோயாளியின் சளியையும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்பி, அவரவர் கிருமி எதற்கு அடங்குமோ அந்த மருந்துகளையே தொகுத்துக் கொடுத்தார்கள். ஏழை நாட்டுக்கு இது கட்டுப்படியாகாது என்பதே அன்றைய பொதுக் கருத்து. 2003இல் வெளியான முடிவின்படி, நான்கு மாதமோ அதற்கு மேலோ மருந்து உட்கொண்ட 66 பேரில் 55 பேர் குணமடைந்தவர்களாகக் கருதப்பட்டனர்.

அடுத்தது உடலின் கணக்கு. இங்கே காட்சி மாறுகிறது. இந்தியக் காசநோய்த் திட்டத்தில் மாத்திரையின் எண்ணிக்கையை எடைப்படி வகுத்திருக்கிறார்கள். 35 முதல் 49 கிலோ வரை மூன்று மாத்திரை. 50 முதல் 64 கிலோ வரை நான்கு. ஒரு மாத்திரையில் ரிஃபாம்பிசின் 150 மில்லிகிராம். ஆக 35 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் கிடைக்கிறது. 49 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஏறத்தாழ 9. கோடிக்கணக்கானோருக்கு மருந்து கொண்டுசேர்க்கும் ஒரு திட்டத்துக்கு இந்த எளிமை தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் நோயாளியின் உடலைப் பற்றி அந்தத் திட்டம் மருந்தளவுக்காகக் கேட்கும் ஒரே கேள்வி எடை என்ன என்பதுதான். சர்க்கரை நோய் இருக்கிறதா, குடல் மருந்தை உறிஞ்சுகிறதா, கல்லீரல் அதை எவ்வளவு வேகமாக மாற்றுகிறது என்பதெல்லாம் மாத்திரையின் எண்ணிக்கையைத் தொடுவதே இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவிலோ எடை என்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. தொற்று முற்றிய செப்சிஸ் நோயாளிக்கு ஏற்றும் திரவம் உடலில் தேங்கி மருந்தை நீர்த்துப்போகச் செய்கிறது. குறைந்துபோன ஆல்புமின் மருந்தின் நடமாட்டத்தையே மாற்றுகிறது. சிறுநீரகம் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் இயங்கக்கூடும். வான்கோமைசினுக்கும் ஜென்டாமைசினுக்கும் இரத்தத்தில் மருந்தளவைச் சோதிப்பது பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. 2014இல் வெளியான டாலி ஆய்வு, பத்து நாடுகளைச் சேர்ந்த 68 மருத்துவமனைகளில், வழக்கமான அளவில் பெனிசிலின், மெரோபெனெம் போன்ற பீட்டா-லாக்டம் மருந்து பெற்றவர்களின் இரத்தத்தை அளந்தது. 16 விழுக்காட்டினருக்குக் குறைந்தபட்ச இலக்குகூட எட்டவில்லை. அவர்கள் தேறுவதற்கான வாய்ப்பும் குறைவாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் நாம் எதிர்பாராத ஓர் உறவு தென்படுகிறது. இரத்தத் தொற்றில் மருந்து குறைவுபடுவது பெரும்பாலும் யாருக்கு? முதியவருக்கோ சிறுநீரகம் பழுதானவருக்கோ அன்று. அவர்களிடம் மருந்து தேங்கித்தான் தொல்லை தரும். விபத்தில் அடிபட்டு வந்த இளைஞரிடம், திடகாத்திரமான சிறுநீரகங்கள் நெருக்கடியில் இன்னும் முடுக்கிவிடப்பட்டு, மருந்தை அளவுக்கு மீறிய வேகத்தில் வெளியேற்றிவிடுகின்றன. கிரியாட்டினின் எண் அழகாக இருக்கும், மருந்து இருக்காது. உடலின் பலமே மருந்தின் பலவீனமாகிவிடும் இந்நிலை தீவிர சிகிச்சையாளர்களைக் கடந்த இருபது ஆண்டுகளாகச் சிந்திக்க வைத்திருக்கிறது.

இதன் உடன்பிறப்பைக் காசநோய் ஆய்வாளர்கள் அதற்கும் நாற்பது ஆண்டு முன்பே கண்டிருந்தார்கள், அதுவும் சென்னையில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், சென்னை மாநில அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழு ஆகியவை சேர்ந்து 1956இல் நிறுவிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அதே பலன் கிட்டும் என்று 1959இல் நிறுவி, உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படக் காரணமான நிறுவனம் என்றே அதை அறிவோம். அதே மையம் 1960களின் தொடக்கத்தில் வேறொன்றையும் அளந்தது. ஐசோனியசிட்டைக் கல்லீரல் செயலிழக்கச் செய்யும் வேகம் மனிதருக்கு மனிதர் பிறவியிலேயே வேறுபடுகிறது. சிலரிடம் அது மெதுவாக நடக்கிறது, சிலரிடம் வேகமாக. தென்னிந்திய நோயாளிகளில் மெதுவானவர்கள் பாதிக்கும் மேல். நாள்தோறும் மருந்து சாப்பிட்டால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை; வாரம் ஒருமுறை என்று குறைத்தபோது, வேகமாக மாற்றும் உடல் கொண்டவர்களிடம் சிகிச்சை பின்தங்கியது.

வேகமான சிறுநீரகம் கொண்ட, விபத்துக்குள்ளான இளைஞரும் வேகமான கல்லீரல் கொண்ட காசநோயாளியும் ஒரே வகையினர் என்பதை எந்தப் பாடநூலும் அருகருகே வைத்துக் காட்டி நான் பார்த்ததில்லை. இருவரிடமும் கிருமி மருந்துக்கு அடங்கக்கூடியதே. ஆய்வக அறிக்கையும் அப்படித்தான் சொல்லும். ஆனால் கிருமி இருக்கும் இடத்தில் மருந்து போதிய நேரம் நிற்பதில்லை. வேறுபாடும் உண்டு, அது சிறியதன்று. சிறுநீரகத்தின் வேகம் நாளுக்கு நாள் மாறும். கல்லீரலின் அந்த வேகம் நேட்-2 என்ற மரபணுவில் எழுதப்பட்டு ஆயுள் முழுதும் நிற்கும். முன்னதை மறுபடி மறுபடி அளந்தாக வேண்டும். பின்னதை ஒருமுறை அறிந்தால் போதும். ஒருமுறை போதும் என்ற இடத்தில்தான் நாம் அளப்பதே இல்லை என்பது எனக்கு வேதனை தருகிறது. ஜப்பானில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த மரபணுவைப் பார்த்து ஐசோனியசிட் அளவை மாற்றிக் கொடுத்தார்கள். மெதுவானவர்களிடம் கல்லீரல் பாதிப்பு குறைந்தது. வேகமானவர்களிடம் தொடக்கத் தோல்வி குறைந்தது.

அளக்காமல் விட்டதற்கு விலை கொடுப்பவர் நோயாளி. காசநோய் சிகிச்சை பலிக்காதபோது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்ற குற்றச்சாட்டே முதலில் எழுகிறது. மருந்தெதிர்ப்புக்கும் அதையே காரணமாக்குவது வழக்கம். டெக்சாஸ் ஆய்வாளர்கள் 2011இல் ஆய்வகக் கருவியில் மனித உடலின் மருந்தோட்டத்தைப் போலச் செய்து பார்த்தபோது, தவறவிட்ட வேளைகளைவிட, உடலுக்கு உடல் மாறுபடும் மருந்தளவே எதிர்ப்பு உருவாக வலுவான காரணமாக இருக்கக்கூடும் என்று கண்டார்கள். அது ஆய்வக மாதிரி என்பதை மறக்கவேண்டாம். வேளை தவறாமை தேவையில்லை என்று அதற்குப் பொருளும் இல்லை. ஆயினும் சேத்துப்பட்டு நிறுவனத்தின் ஆய்வுகளே பல நோயாளிகளிடம் ரிஃபாம்பிசின் அளவு எதிர்பார்த்த எல்லைக்குக் கீழே இருப்பதைக் காட்டியிருக்கின்றன. சர்க்கரை நோய் இருப்பவர்களிடம் இக்குறைவு கூடுதல் கவனம் பெற்றிருக்கிறது. ஒருநாளும் தவறாமல் மருந்து சாப்பிட்டும் குணமாகாத ஒருவரை நோக்கி விரல் நீட்டும் முன் அவருடைய இரத்தத்தை அளந்திருக்க வேண்டாமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து பலிக்காவிட்டால் எவரும் நோயாளியைக் குறை சொல்வதில்லை. மருந்தளவை மறுபடி கணக்கிடுகிறார்கள்.

அப்படியென்றால் தீவிர சிகிச்சைப் பிரிவின் அளவைமுறை வெற்றி பெற்றுவிட்டதா? நடுநிலையோடு பார்த்தால் இல்லை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நடந்து 2022இல் வெளியான இரண்டு ஆய்வுகள், இரத்தத்தில் மருந்தை அளந்து திருத்திக் கொடுத்தும் நோயாளிகளின் நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைக் காட்டவில்லை. அளவை மாற்றாமல், மருந்தை இடைவிடாமல் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் முறையை 7,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த பிளிங்-3 ஆய்வு 2024இல் வெளிவந்தது. 90 நாளுக்குள் இறந்தோர் அம்முறையில் 24.9 விழுக்காடு, வழக்கமான முறையில் 26.8 விழுக்காடு. வேறுபாடு நம்பிக்கை தருகிறது. புள்ளியியல் உறுதிக்குச் சற்றே வெளியில் நிற்கிறது.

என் எண்ணத்தில், காரணம் காலம். இரத்த மாதிரி ஆய்வகம் போய் விடை திரும்புவதற்குள் நோயாளியின் சிறுநீரகமே வேறு நிலைக்குப் போய்விடுகிறது. எந்த அளவோடு மருந்தை ஒப்பிடுவது என்பதற்கும் கிருமியின் விவரம் வேண்டும். அது இன்னும் வந்திருக்காது. காசநோயில் நிலைமை வேறு. ஆறு மாதம் கையில் இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் அளந்து மூன்றாவது வாரத்தில் திருத்தினாலும் ஐந்து மாதப் பலன் மிச்சம். உலர்ந்த இரத்தப் பொட்டாகக் காகிதத்தில் எடுத்து அஞ்சலில் அனுப்பும் முறையும் வந்துவிட்டது. மருந்தளவைச் சோதிக்கும் பழக்கம் வேரூன்றிய இடத்தில் அதற்கு அவகாசம் இல்லை. அவகாசம் இருக்கும் இடத்தில் பழக்கம் வேரூன்றவில்லை.

சிகிச்சைக் காலத்தின் நீளத்திலும் இரு தரப்பாரும் ஒரே பக்கம் நகர்கிறார்கள். இரத்தத் தொற்றுக்கு 14 நாள் என்பது நெடுநாள் வழக்கம். 3,608 நோயாளிகளிடம் நடந்து 2024இல் வெளியான பேலன்ஸ் ஆய்வு, ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில வகைகள் நீங்கலாக, ஏழு நாளே போதும் என்று காட்டியது. காசநோய்க்கு ஆறு மாதம் என்பதும் அப்படி ஒரு வழக்கமே. நான்கு மாதமாகக் குறைக்க முயன்ற ஆய்வுகள் 2014இல் தோற்றன. ஆனால் அவற்றின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2018இல் மறுபடி அலசியபோது, நோய் இலேசாக இருந்தவர்களுக்கு நான்கு மாதமே போதுமானதாக இருந்ததும், கடுமையாக இருந்தவர்களுக்கு ஆறு மாதமும் போதாமல் இருந்திருக்கக்கூடும் என்பதும் தெரியவந்தன. ஆக, சராசரி நோயாளி என்று ஒருவரை வைத்து வகுத்த ஆறு மாதம், சிலருக்கு மிகை, சிலருக்குக் குறை. இலேசான நோயுள்ள குழந்தைகளுக்கு நான்கு மாதம் போதும் என்று இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நடந்த ஷைன் ஆய்வு 2022இல் உறுதிப்படுத்தியது.

தனியாளுக்கு ஏற்ற சிகிச்சை என்பது நேர்கோட்டில் முன்னேறிவரும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. லிமாவில் ஆளுக்கொரு தொகுப்பாக இருந்த சிகிச்சை, 2022இல் மறுபடி பொதுத் தொகுப்பாகத் திரும்பியது: பெடாக்விலின், பிரிட்டோமனிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின், ஆறு மாதம். இதற்கு வழிவகுத்த தென்னாப்பிரிக்க ஆய்வில் 109 பேரில் 90 விழுக்காட்டினர் தேறினர். ஆனால் நாள்தோறும் 1,200 மில்லிகிராம் லினெசோலிட் எடுத்ததில் 81 விழுக்காட்டினருக்கு நரம்பு பாதிப்பு, 48 விழுக்காட்டினருக்கு எலும்பு மஜ்ஜை பாதிப்பு. பின்னர் 600 மில்லிகிராமாகக் குறைத்தும் பலன் குறையவில்லை. இன்று அந்த மருந்தைத் தொடங்கியவர்களின் இரத்த அணுக்களையும் கால் மரமரப்பையும் பார்த்துப் பார்த்து அளவைத் திருத்துகிறார்கள். கிருமிக்குப் பொதுத் தொகுப்பு, உடலுக்குத் தனிக் கணக்கு: தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் ஒரு மணி நேரத்தில் பொதுவான மருந்தைத் தொடங்கி, பிறகு சிறுநீரகத்தைப் பார்த்து அளவை மாற்றுவதும் இதே ஏற்பாடுதான்.

இரு தரப்பும் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கத் தொடங்கிவிட்டதற்குச் சான்றுகள் இருக்கின்றன. காசநோய்க்காக நாடெங்கும் நிறுவப்பட்ட அதே ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரத்தில் வேறொரு கார்ட்ரிட்ஜைப் பொருத்தினால், என்.டி.எம்., ஆக்ஸா-48, கே.பி.சி. உள்ளிட்ட நொதிகளின் மரபணுக்களை ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். மறுபக்கம், 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், அவசரப் பிரிவின் கண்ணைக் காசநோய்க்குக் கொண்டுவந்தது. நோய் கண்டறிந்த உடனேயே உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிப்பின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அந்த அளவைகளுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. எடை பார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும். மருந்தைக் காப்பதிலும் இரு தரப்பாரும் ஒரே பதிவேட்டில் இருக்கிறார்கள். மருந்தெதிர்ப்பு குறித்த 2012 சென்னைப் பிரகடனத்துக்குப் பின் வந்து, 2014 மார்ச்சில் நடைமுறையான, மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்-1 அட்டவணையில் கார்பபெனெம்களும் காசநோய் மருந்துகளும் அடுத்தடுத்து இடம்பெற்றன. விற்பவர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

எடைபோட்டுப் பார்த்த பிறகு என் முடிவு இது. புதிய பணமும் உழைப்பும், இரத்தத் தொற்றில் கிருமியை விரைந்து அறிவதற்கும், காசநோயில் உடலுக்குள் மருந்தை அளப்பதற்கும் போக வேண்டும். இரண்டுக்கும் தேவையான கருவி ஏற்கெனவே மற்றவரின் கையில் இருக்கிறது.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டார் கடும் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தால், முதல் ஊசிக்கு முன் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். அதற்குச் சில நிமிடம் போதும், மருந்து தாமதமாகாது. வீட்டில் யாராவது காசநோய் மருந்து சாப்பிட்டால் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். தேறி வருபவரின் எடை கூடும். 49 கிலோவைத் தாண்டி 50ஐத் தொட்டால் மாத்திரையின் எண்ணிக்கையும் மாற வேண்டியிருக்கலாம். அதை நீங்களாகவே மாற்றாமல், அந்த எடையை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.